ஹான்லே இருட்டில் ஒரு படம்: பால்வீதிக்குக் கீழே நிற்க ஆசைப்படுபவர்களுக்கு

வணக்கம் மக்களே! லடாக்கில் ஹான்லே கிராமத்திலிருந்து பேசுகிறேன். நேரம் காலை பதினொரு மணி. எனக்குப் பின்னால் ஒரு குன்று தெரிகிறதா? அதன் உச்சியில் இருப்பதுதான் இந்திய வானியல் ஆய்வகம். 4,500 மீட்டர் உயரம். அங்கே இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு ஹிமாலயன் சந்திரா என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு வாங்கினாரே சுப்ரமணியன் சந்திரசேகர், அவர் நினைவாக வைத்த பெயர். அதை இயக்குபவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள்.

நட்சத்திரம் பற்றிய வீடியோவைப் பட்டப்பகலில் எடுக்கிறேனே என்று கேட்பீர்கள். ராத்திரியில் முகத்துக்கு விளக்குப் போட்டுக்கொண்டு கேமரா முன் பேசுவது இந்த ஊரில் செய்யக் கூடாத காரியம். ஏன் என்பதுதான் இன்றைய பேச்சின் பாதி. மீதிப் பாதி, நீங்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது: பின்னால் பால்வீதி, முன்னால் நாம் நிற்கிற மாதிரி படம் எப்படி எடுப்பது?

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் இந்த ஆய்வகத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருண்ட வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். காட்டுக்கும் மிருகத்துக்கும் காப்பகம் உண்டு, தெரியும். இங்கே காப்பாற்றுவது இருட்டை. வீட்டு ஜன்னலுக்குக் கனமான திரை, வெளி விளக்கு என்றால் தரையைப் பார்த்து எரிகிற மாதிரி மூடி, வண்டிக்கு ஹை பீம் கூடாது. மலை மேலே பெரிய பெரிய கருவிகள் இருக்கின்றன. 21 மீட்டர் விட்டத்தில் மேஸ் என்ற காமா கதிர்த் தொலைநோக்கிகூட இருக்கிறது. மிக மங்கலான ஒளிக்கீற்றைத் தேடுகிற கருவிகள் அவை. கீழே ஒருவர் டார்ச்சை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் அங்கே வேலை கெடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், இந்தக் கட்டுப்பாட்டோடு கிராமத்துக்கு ஒரு வருமானத்தையும் சேர்த்தே யோசித்ததுதான். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் உள்ளூர்க்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, தொலைநோக்கியும் கொடுத்து, வானியல் தூதர்கள் ஆக்கியிருக்கிறது. அதில் பெண்கள் நிறையப் பேர். ஹோம்ஸ்டேயில் சாப்பாடு, தங்கல், ராத்திரி மொட்டைமாடியில் வானம். இருட்டு கெட்டால் வருமானமும் கெடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் காப்பகம் காகிதத்தில் நின்றுவிடாமல் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, நேற்று ராத்திரிக்கு வருவோம். அமாவாசையை ஒட்டிய நாள், செப்டம்பர் கடைசி. நாங்கள் தங்கியிருக்கும் ஹோம்ஸ்டேயை நடத்தும் அக்காதான் தூதர். இங்கே அக்காவுக்கு அச்சே என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். புனேயிலிருந்து வந்த ஒரு குடும்பமும் எங்களோடு இருந்தது. அச்சே முதலில் சொன்னது, “போன் எல்லாம் பாக்கெட்டுக்குள்ளே. அரை மணி நேரம் யாரும் எடுக்கக் கூடாது.”

அந்த அரை மணி நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண்பாவை சட்டென்று விரிந்துவிடும். ஆனால் விழித்திரையில் மங்கல் ஒளியைப் பிடிக்கும் நிறமி திரும்பச் சேர இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் மறுபடியும் முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சத்துக்கு அந்த நிறமி அவ்வளவாகக் கெடுவதில்லை. அதனால்தான் அச்சே கையில் இருந்ததும் மங்கலான சிவப்பு விளக்கு.

முதல் பத்து நிமிடம் “ஆமாம், நிறைய நட்சத்திரம்” என்றுதான் தோன்றியது. அப்புறம் பாருங்கள், தென்மேற்கு அடிவானத்திலிருந்து பால்வீதி நேராக எழும்பி உச்சியைத் தாண்டிப் போவது தெரிய ஆரம்பித்தது. வெள்ளைப் பட்டை மட்டுமில்லை, அதற்கு நடுவே கிழிந்த மாதிரி ஓடும் கருந்திட்டுகளும் தெரிகின்றன. அது வெற்றிடம் இல்லை. பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைக்கிற தூசு மேகம். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் மூலமும் பூராடமும் இருக்கும் பக்கம்தான் பால்வீதியின் மையம். இங்கிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு.

அச்சே வைத்திருப்பது டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. குழாயைப் பெட்டி மேல் தூக்கி வைத்த மாதிரி இருக்கும், மோட்டார் கிடையாது, கையால் தள்ளித் திருப்புவதுதான். பூமி சுற்றுவதால் எதை வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் வட்டத்தை விட்டு நகர்ந்து போய்விடும். ஒவ்வொருவர் பார்த்து முடித்ததும் அச்சே குனிந்து, கண்ணை வைத்து, குழாயை ஒரு நூல் அளவு தள்ளி, “இப்ப வாங்க” என்பார். அடுத்த ஆள், மறுபடியும் ஒரு நூல். சனியின் வளையத்தைப் பார்த்தபோது அந்தப் புனேக்காரப் பாட்டி கண்ணை எடுக்கவே இல்லை. சனி நகர்ந்து வெளியே போய்விட்டது, அப்போதும் எடுக்கவில்லை. அச்சே அவசரப்படுத்தாமல் பாட்டியின் தோளைத் தொட்டு, மறுபடியும் வைத்துக் காட்டினார்.

ஆண்ட்ரோமீடாவை வெறும் கண்ணிலேயே பார்த்தோம். 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால், நம் பால்வீதி மாதிரியே இருக்கும் இன்னொரு விண்மீன் மண்டலம். அதற்கு ஒரு வழி உண்டு: நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள். இருட்டில் வேலை செய்யும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் நிறைய. ஓரக்கண்ணால் பார்த்தால் மங்கலான பஞ்சுத்துணுக்கு பெரிதாகிறது.

இவ்வளவும் முடித்த பிறகுதான் கேமராவை எடுத்தோம். இந்த வரிசையை நான் வற்புறுத்திச் சொல்வேன். வந்ததும் வராததுமாக ட்ரைபாட் விரித்துப் படம் பிடித்துக்கொண்டு, கேமராவின் பின்திரையில் மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கே நிற்பது, எதைப் பின்னணியில் வைப்பது என்பதெல்லாம் வானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

இப்போது படம். முதலில் ஷட்டர். நட்சத்திரம் மணிக்கு 15 டிகிரி நகரும். ஷட்டரை அதிக நேரம் திறந்தால் புள்ளி கோடாகிவிடும். 500ஐ லென்ஸின் குவிய நீளத்தால் வகுக்க வேண்டும் என்று பழைய கணக்கு ஒன்று சொல்வார்கள். 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 விநாடி வரும். இன்றைய கேமராக்களில் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த 25 விநாடியிலேயே நட்சத்திரம் நீண்டுதான் இருக்கும். அதோடு நம் படத்தில் ஆள் வேறு நிற்கிறார். இந்தக் குளிரில் 25 விநாடி அசையாமல் யார் நிற்க முடியும்? நான் 10 விநாடிக்கு மேல் போவதில்லை. அதற்கு ஈடாக லென்ஸை எஃப் 1.8 வரை அகலமாகத் திறந்து, கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 3200க்கும் 6400க்கும் இடையில். படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலை 4000 கெல்வின் பக்கம்.

அடுத்தது ஃபோகஸ். பாதிப் படங்கள் கெடுவது இங்கேதான். ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு, லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பெரிதாக்கி, அது மிகச் சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். ஆனால் ஆள் இரண்டு மூன்று மீட்டரில் நின்றால் அவர் முகம் மசங்கும். 20 மில்லிமீட்டர், எஃப் 1.8 என்றால் சுமார் ஏழரை மீட்டரில் ஃபோகஸ் வைக்கும்போது நாலு மீட்டர் முதல் வானம் வரை ஓரளவு தெளிவாக விழும். அதனால் ஆளைத் தள்ளி நிறுத்துங்கள். முகம் சின்னதாகத்தான் வரும், வரட்டுமே. இந்த வானத்துக்குக் கீழே மனுஷன் அந்த அளவில் இருப்பதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது. முகம் பக்கத்தில்தான் வேண்டும் என்பவர்கள் ட்ரைபாடை அசைக்காமல் ஆளுக்கு ஒன்று, நட்சத்திரத்துக்கு ஒன்று என அடுத்தடுத்து இரண்டு எடுத்துச் சேர்க்கலாம். அதில் தப்பு இல்லை, அதே இடம், அதே நேரம், அதே வானம். எங்கோ எடுத்த பால்வீதியை வெட்டி ஒருவர் தலைக்கு மேல் ஒட்டி விற்கிறார்களே, அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நீங்கள் காசு கொடுத்து எடுத்துக்கொள்வது நீங்கள் நின்ற ராத்திரியின் படம்.

இனி ஆளுக்கு வெளிச்சம். இந்தப் படத்தைப் பாருங்கள். புனேக் குடும்பத்துப் பெண், மதில் மேல் உட்கார்ந்திருக்கிறாள். சின்ன எல்.இ.டி. பேனல், அதன் ஆகக் குறைந்த அளவு. முகத்துக்கு நேராகக் காட்டவில்லை. பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி, அந்தப் 10 விநாடியில் ஏறக்குறைய ஒரு விநாடி மட்டும் எரியவிட்டு அணைத்தேன். போதும். இதற்கும் முன்னால் அச்சேயிடம் கேட்டு, பக்கத்து மாடியில் இருந்தவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான். வெளிச்சம் அணைந்ததும் படம் முடிந்தது என்று நினைத்து ஆள் அசையக் கூடாது, இதை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். அசைந்தால் உடம்பின் ஓரத்துக்குள் நட்சத்திரம் ஊடுருவித் தெரியும். நிற்பதைவிட உட்காருவது நல்லது, நின்றால் கால் அகட்டி, எதன் மீதாவது சாய்ந்து.

எனக்குப் பிடித்தது விளக்கே இல்லாத படம்தான். இதோ இது. அச்சேயும் அவருடைய தொலைநோக்கியும், நிழலுருவமாக. முகம் தெரியவில்லை, ஆனால் குனிந்து பார்க்கிற அந்த உடம்பு முழுக்கத் தெரிகிறது. தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வானத்தை நோக்கிக் கற்றை அடிக்கிற போஸ் எல்லா ஊர்ப் படத்திலும் வருகிறது. இங்கே அது கூடவே கூடாது, கேட்டால் தூதர்களே மறுத்துவிடுவார்கள். மறுப்பது சரிதான்.

போனில் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ட்ரைபாட் கட்டாயம். சில போன்களில் வானத்துக்கென்றே இருக்கும் மோட் பல நிமிடம் ஓடும், அது ஆள் படத்துக்கு ஆகாது. ப்ரோ மோடுக்குப் போய்ப் பத்து விநாடி வையுங்கள்.

இன்னொன்று. படத்தில் அடிவானத்துக்கு மேலே பச்சை சாயம் படிந்த மாதிரி இருக்கிறது பாருங்கள். கேமராக் கோளாறு இல்லை. பகலில் சூரிய ஒளி வாங்கிய மேல் வளிமண்டல ஆக்சிஜன் ராத்திரியில் தானே மெல்ல ஒளிர்வது. வான்மிளிர்வு என்பார்கள். எடிட்டிங்கில் அதைத் துடைத்துவிடாதீர்கள், நகர வெளிச்சத்துக்கு நடுவே இது கிடைக்காது. 2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் வந்தபோது இதே ஹான்லேயில் சிவப்பாகத் துருவ ஒளியே பதிவானது.

வர நினைப்பவர்களுக்குச் சில விஷயம். லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டி உப்ஷி, சுமதாங், நியோமா வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். எல்லைப் பகுதி, அனுமதிச் சீட்டு வேண்டும். லேயே 3,500 மீட்டர், அங்கே குறைந்தது இரண்டு நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்காமல் இங்கே ஏறாதீர்கள். தலைவலியும் வாந்தியுமாகப் படுத்துக்கொண்டால் எந்த வானமும் ரசிக்காது, உயிருக்கும் ஆபத்து. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், உதிரி பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து முடித்ததும் கேமராவை வெளியிலேயே பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டு அப்புறம் அறைக்குள் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோக்கும். தேதி அமாவாசைக்கு மூன்று நாள் முன்பின். தூதர் கட்டணம், படத்துக்குத் தனியா சேர்த்தா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.

இவ்வளவு தூரம் வர முடியாதவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பால்வீதியின் மையம் தெற்கு வானத்தில் இருப்பதால், ஹான்லேயில் அது அடிவானத்திலிருந்து 28 டிகிரிக்கு மேல் ஏறாது. மதுரையில் ஐம்பதுக்கு மேல் ஏறும். நம் ஊரில் குறைவது உயரமும் வறண்ட காற்றும் இருட்டும்தான். ஏலகிரிக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலையில், காவலூரில், ஹான்லே ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கேயும் ஊர் வெளிச்சம் வருடா வருடம் கூடிக்கொண்டேதான் வருகிறது. இந்தக் கிராமத்துக்காரர்கள் திரை போட்ட மாதிரி, மலையடிவாரத்தில் விடுதி வைத்திருப்பவர்கள் தோட்டத்து விளக்குகளை இரவு பத்து மணிக்கு அணைத்தால்கூடப் பெரிய உதவி. அப்படி விடுதி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் நேரில் வந்து வீடியோ எடுக்கிறேன்.

எடிட்டிங்கை அடுத்த வீடியோவில் தனியாகக் காட்டுகிறேன். இன்று ராத்திரியும் வானம் தெளிவாக இருக்கும் என்கிறார் அச்சே. நான் போய்க் கொஞ்சம் தூங்குகிறேன். வருகிறேன் மக்களே!