கண்டாங்கியில் விழுந்த ப்ளீச்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் நான் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, யாராவது ஒருவர் மட்டும் வாசலில் தயங்கி நிற்பார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, "டீச்சர், இதை ஏதாவது செய்ய முடியுமா?" என்பார். விரித்துப் பார்த்தால் கறுப்புச் சுடிதார், கருநீலப் பேன்ட், அரக்குச் சேலை என்று ஏதாவது அடர்நிறத் துணியாக இருக்கும். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் நாலு சொட்டு. ப்ளீச் பட்டது.

நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைக் கல்யாணத்துக்கோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ திறக்கிறோம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை கழுவியாக வேண்டும். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர், சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர், குளியலறைக்கு பாட்டிலில் வரும் ப்ளீச். கழுவுகிறவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நிற்பார். தெறித்தது அந்த நேரத்தில் தெரியாது. துணி காயும்போதுதான் புள்ளி தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சு முடிவதற்குள் இன்னும் ஒரு தடவையாவது சொல்வேன். அது கறை இல்லை. குழம்பு கொட்டினால் கறை. வெற்றிலைச் சாறு பட்டால் கறை. வெளியிலிருந்து ஒன்று வந்து துணியில் ஒட்டிக்கொள்கிறது, அதை எடுக்கத் துவைக்கிறோம். ப்ளீச் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது எதுவும் இல்லை. அங்கே இருந்த சாயம் நிறத்தை இழந்துவிட்டது. அதனால் எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அந்த இடம் மாறாது. தேய்க்கத் தேய்க்க நூல்தான் நைந்துபோகும்.

பாட்டிலில் வருவதன் பெயர் சோடியம் ஹைப்போகுளோரைட். பவுடர் அதன் தங்கை, கால்சியம் ஹைப்போகுளோரைட். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரினும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். அந்த இரண்டும் சேர்ந்தால் ப்ளீச். மின்சாரத்துக்கும் வேதிப்பொருளுக்கும் உள்ள இந்த உறவை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் நம் ஊரிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பர் கொடுத்த முந்நூறு ஏக்கரில் 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், நம் வீட்டுக் குளியலறை பாட்டிலும் இந்தப் படிப்பில் அடங்கியதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஹைப்போகுளோரைட், சாயத்தின் மூலக்கூறில் நிறம் காட்டும் பகுதியை உடைத்துவிடுகிறது. கறுப்பு ஏன் வெள்ளையாகாமல் ஆரஞ்சாகிறது என்று கேட்பார்கள். கடைக் கறுப்பு பெரும்பாலும் ஒரே சாயம் இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் கலந்துதான் கறுப்பாகத் தெரிகிறது. பல துணிகளில் நீலம் முதலில் உடைந்துபோகும். மிச்சம் இருப்பது ஆரஞ்சு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இப்போது என் கதை. எனக்குக் கல்யாணமான புதிது. அம்மாவின் கண்டாங்கிச் சேலை ஒன்று என்னிடம் இருந்தது. உடல் கறுப்பு, கட்டம் கடுகு மஞ்சள், கரை நல்ல அரக்கு. காரைக்குடித் தறியில் நெய்தது. 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்கு எவ்வளவோ முன்னால் வாங்கிய சேலை. துவைத்துத் துவைத்து அது மெத்தென்று ஆகியிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு பின்கட்டுச் சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். கைப்பிடி வழுக்கி வாளி சாய்ந்தது. கொசுவத்தில் ஏழு சொட்டு.

பக்கத்து வீட்டு ஆச்சி ஓடி வந்தார். "எலுமிச்சம்பழத்தைத் தேய் ஆத்தா, போயிரும்" என்று பாதிப் பழத்தை என் கையில் கொடுத்தார். அவ்வளவு பிரியமானவர். இரும்புக் கறைக்கும் துருவுக்கும் அது நல்ல வைத்தியம்தான். நானும் தேய்த்தேன். அடுத்த நிமிடம் மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி. கண் எரிந்து, இருமல் நிற்கவில்லை. இருவரும் வெளி முற்றத்துக்கு ஓடிப்போய் நின்றோம். எனக்கு அன்று சாயங்காலம் வரை தொண்டை கரகரத்தது.

அது குளோரின் வாயு. ப்ளீச்சில் புளிப்பு எது சேர்ந்தாலும் அது கிளம்பும். எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணீர், கழிவறை கழுவும் ஆசிட், எதுவாக இருந்தாலும். அன்று திறந்த பின்கட்டாக இருந்ததால் தப்பித்தோம். கதவு சாத்திய குளியலறையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ப்ளீச் பட்ட துணியில் எலுமிச்சை வேண்டாம். ப்ளீச் ஊற்றிய கழிவறையில் ஆசிட் வேண்டாம். அடுக்களையில் இருந்து கேட்கிறவர்கள், முற்றத்தில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

நான் செய்த இன்னொரு தப்பு, அந்தச் சேலையை லேசாக அலசி உலர்த்தி மடித்து வைத்தது. நூலுக்குள் மிச்சம் இருந்த ப்ளீச் தன் வேலையை நிறுத்தவில்லை. மறு வருடம் எடுத்துப் பார்த்தால், ஏழு புள்ளியில் இரண்டு ஓட்டையாகிவிட்டன. விரல் பட்டதும் நூல் பொடிந்தது.

ஆகவே முதல் வேலை, ப்ளீச்சை நிறுத்துவது. பட்ட உடனே ஓடுகிற தண்ணீரில் ஐந்து நிமிடம் காட்டுங்கள். பச்சைத்தண்ணீர் போதும், வெந்நீர் வேண்டாம். அப்புறம் ஹைப்போ. பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவப் பயன்பட்ட அதே ஹைப்போ, சோடியம் தயோசல்பேட். வண்ணமீன் கடையில், தொட்டித் தண்ணீரின் குளோரினைப் போக்க, ஆன்டி குளோரின் என்று கல்கண்டு போலப் பொட்டலத்தில் விற்பது பெரும்பாலும் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கரைத்து, துணியைக் கால் மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். அது கிடைக்காவிட்டால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. இருபது வால்யூம் என்று எழுதியிருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். நன்றாக அலசிய துணியில் மட்டும் விட வேண்டும். இரண்டில் எது செய்தாலும் போன நிறம் திரும்பாது. ஆனால் ஓட்டை விழாது. அதுவே பெரிய லாபம்.

மறுபடியும் சொல்கிறேன், அது கறை இல்லை. நிறம் போன இடம். ஆகவே அடுத்த வேலை, நிறத்தைத் திருப்பி வைப்பது.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வருகிறது. என் கண்டாங்கியில் மிச்சம் இருந்த ஐந்து புள்ளியை என்ன செய்வதென்று தெரியாமல் பல வருடம் பெட்டியில் வைத்திருந்தேன். நெசவாளர் வீட்டுப் பாட்டி ஒருவர்தான் அதைப் பார்த்துவிட்டு, "கறுப்புதானே? கடுக்காயும் துருவும் போதுமே" என்றார். அவர் சொன்னதைச் செய்து பார்த்ததிலிருந்து நான் இதைச் சொல்லாத ஆள் கிடையாது.

கடுக்காய் நமக்குப் புதிதில்லை. நம் வீட்டுச் சுவர்ச் சாந்தில் சுண்ணாம்போடும் முட்டை வெள்ளையோடும் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுவதும் இப்படித்தான்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் துருப்பிடித்த ஆணி ஒரு கைப்பிடி, நெல்லிக்காய் அளவு வெல்லம், மூழ்கும் அளவு தண்ணீர். இறுக்கி மூடாதீர்கள், வாயு வரும். மேலே துணி கட்டுங்கள். இரண்டு வாரத்தில் புளித்துப் பழுப்பாகும். வடிகட்டிக்கொள்ளுங்கள், இதுதான் துருத்தண்ணீர். அது தயாரானதும், கடுக்காயைத் தட்டிக் கொட்டையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் எவர்சில்வர் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், அதிலேயே கறுத்துவிடும்.

தீக்குச்சி முனையில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெளுத்த இடத்தை லேசாக ஈரமாக்கி, கடுக்காய்த் தண்ணீரை ஒற்றி எடுங்கள். வெயிலில் காயட்டும். இன்னும் ஒரு தடவை ஒற்றுங்கள், மறுபடியும் காயட்டும். அப்புறம் வேறொரு குச்சியால் துருத்தண்ணீர். தொட்ட மாத்திரத்தில் அந்த இடம் சாம்பலாகும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கறுக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்டாங்கிக் கட்டத்தில் மஞ்சள் நூல் வேலி போல ஓடுமல்லவா, அந்த வேலியைத் தாண்டாமல் ஒற்ற வேண்டும். நூல் வழியே நனைப்பு ஊறும், அதனால் குச்சியில் சொட்டுச் சொட்டாகத்தான் எடுக்க வேண்டும். போதவில்லை என்றால் காயவிட்டு மறுபடியும். கடைசியில் நன்றாக அலசி நிழலில் உலர்த்துங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. துருத்தண்ணீர் புளித்தது. அதனால் ஹைப்போ போட்டு அலசாத துணியில் இதைத் தொடவே கூடாது; எலுமிச்சைக் கதைதான் மறுபடியும். இன்னொன்று, இரும்பு அதிகமானால் காலப்போக்கில் பருத்தியே இற்றுப்போகும். கறுப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். எதுவானாலும் உள்மடிப்பில் ஒரு மூலையில் முதலில் செய்து பாருங்கள்.

என் சேலையில் அந்த ஐந்து இடம் இன்று எங்கே என்று எனக்கே தேடினால்தான் தெரியும். வெயிலில் பிடித்தால் கறுப்பு கொஞ்சம் கூடுதல் குளிர்ச்சியாகத் தெரிகிறது. ஓட்டை விழுந்த இரண்டை, அடியில் கறுப்புத் துண்டு வைத்து, சேலை முந்தியிலிருந்து உருவிய நூலாலேயே இழையோட்டினேன். உருவிய நூல் நிறம் பொருந்தும், கடை நூல் பொருந்தாது.

கருநீலத்துக்கும் மற்ற நிறத்துக்கும் துணி பேனா கிடைக்கிறது. முதலில் சொன்ன ஆரஞ்சு ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சின் மேல் நேராகக் கறுப்புப் பேனாவை வைத்தால் செம்மை எட்டிப் பார்க்கும். முதலில் நீலம் ஒரு கை, அது காய்ந்து கறுப்பு ஒரு கை. ட்யூப்லைட்டில் நிறம் பார்க்காதீர்கள், முற்றத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். காய்ந்த பிறகு மேலே வெள்ளைத் துணி போட்டு இஸ்திரி.

புள்ளி நிறைய இருந்தால் முழுத் துணியையும் சாயத்தில் முக்குவது நல்லது. ஆனால் அது பருத்தியா என்று பாருங்கள். பள்ளிக்கூடப் பேன்ட்டு மாதிரி பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த டெர்ரி காட்டன் என்றால், அதில் இருக்கும் பருத்திப் பங்குதான் வெளுத்திருக்கும், வீட்டுச் சாயம் பிடிப்பதும் அந்தப் பங்கில்தான். பாலியெஸ்டருக்கான சாயம் பெரும்பாலும் கொதிநிலையிலும் மேலான சூட்டில் ஏற்ற வேண்டியது, வீட்டில் செய்வது கடினம். இன்னொன்று, துணி பருத்தியாக இருந்தாலும் தையல் நூல் பாலியெஸ்டராக இருக்கும். தையல் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். பட்டுத் துணியைப் பற்றிப் பேச நினைத்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டும் கம்பளியும் புரத நூல். ப்ளீச் அதன் நிறத்தை மட்டும் எடுக்காது, நூலையே கரைக்கும். உடனே தண்ணீர், உடனே ஹைப்போ. துருத்தண்ணீர் பட்டுக்கு வேண்டாம். நூல் பிழைத்திருந்தால் அந்த இடத்தின் மேல் சங்கிலித் தையலில் ஒரு சின்னப் பூ போட்டுவிடலாம். ஒரு பூ மட்டும் தனியாக நின்றால் கண்ணுக்கு உறுத்தும், அதனால் கரையோரமாக இன்னும் நாலு சேர்த்துப் போடுங்கள். அடியில் மெல்லிய மல் துணி வைத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் நைந்த பட்டு ஊசியிலேயே கிழியும்.

வணக்கம்.