"இவரு ரிவால்வர்"னு பேங்க்ல சொன்னா என்ன அர்த்தம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. தொண்டியில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, அப்படியே படிக்கிறேன். "அண்ணே, கிரெடிட் கார்டு லிமிட்டைக் கூட்டிக் கேக்க பேங்குக்குப் போயிருந்தேன். என் கணக்கைப் பார்த்த ஆபீசர், பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட 'இவரு ரிவால்வர், தாராளமாக் கொடுக்கலாம்'னு சொன்னாரு. ரிவால்வர்னா துப்பாக்கிதானே? நான் மினிமம் டியூவை மாசம் தவறாம கட்டுறவன். என்னைப் பாராட்டினாரா, திட்டினாரா?"

தம்பி, ரெண்டும் இல்ல. உங்களால பேங்குக்கு என்ன வருமானம்னு சொல்லியிருக்காரு.

முதல்ல துப்பாக்கியை முடிச்சிருவோம். ரிவால்வர்ல தோட்டா போடுற உருளை ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் ஆறு அறை. ஒரு தடவை சுட்டா அடுத்த சூட்டுக்கு உருளை ஒரு அறை நகரும். அமெரிக்காவுல சாமுவேல் கோல்ட் 1836-ல இதுக்குக் காப்புரிமை வாங்கினாரு. தோட்டாவைக் கைப்பிடிக்குள்ள அடுக்கி வைக்கிற பிஸ்டல் வேற. நம்ம பேப்பர்ல ரெண்டையும் ஒண்ணாவே எழுதுறாங்க, அது வேற கதை. பெல்ட்டுக்கு ஓட்டை போட செருப்புக் கடையில சக்கரம் வச்ச இடுக்கி இருக்கும் பாருங்க, அதுவும் ரிவால்விங் பஞ்ச்தான். 1966-ல பீட்டில்ஸ்ங்கிற இங்கிலாந்துப் பாட்டுக் குழு ஒரு இசைத்தட்டுக்கு ரிவால்வர்னு பேரு வச்சாங்க. அங்க சுத்துறது தட்டு.

பேங்க்ல சுத்துறது கடன். பில் தொகையை முழுசாக் கட்டாம, மினிமம் டியூன்னு பில்லுல போட்டிருக்கிற குறைஞ்சபட்சத் தொகையை மட்டும் கட்டிட்டு மீதியை அடுத்த மாசத்துக்குத் தள்ளுறவருக்கு அவங்க வச்ச பேருதான் ரிவால்வர். முழுசாக் கட்டுறவருக்கு டிரான்சாக்டர். டிரான்சாக்டர்கிட்ட வட்டியா ஒரு காசு தேறாது. உங்ககிட்ட மாசா மாசம் தேறும்.

எவ்வளவுன்னு பாப்போம். தொண்டி கடலோர ஊரு, அதனால ஒரு மீனவர் வீட்டுக் கணக்கையே எடுத்துக்குவோம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகைக் கரையில ஏத்தி வேலை பார்க்கணும், வருமானம் கிடையாது, அரசு நிவாரணம் 8,000 ரூபா. மளிகை, பிள்ளைங்க பீஸ், இஞ்சின் சாமான் எல்லாத்தையும் கார்டுல தேய்ச்சு 40,000 ஆயிருச்சுன்னு வைங்க. மினிமம் 5 சதவீதம்னா, அதாவது 2,000 கட்டுறீங்க. மீதி 38,000. வட்டி மாசத்துக்கு 3.5 சதவீதம்னா 1,330 ரூபா. அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 239. ஆக 1,569. அடுத்த மாசம் மறுபடி 2,000 கட்டினீங்கன்னா அசலுக்குப் போறது 431 ரூபாதான். மாசம் 3.5-ன்னா வருசத்துக்கு 42 சதவீதம் தம்பி. கந்து வட்டிக்காரரைத் திட்டுற நாம இதை ஏசி ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போட்டு வாங்குறோம்.

நிறைய பேருக்குத் தெரியாதது இன்னொண்ணு. பாக்கி வச்சவருக்கு வட்டியில்லாத நாள்ங்கிற சலுகையே போயிரும். இன்னைக்குப் பெட்ரோல் போட்டா இன்னையில இருந்தே வட்டி ஓடும். அதனால பாக்கியை அடைச்சு முடிக்கிற வரைக்கும் அந்தக் கார்டைத் தொடாதீங்க. லிமிட்டும் கூட்ட வேண்டாம், உங்களுக்குத்தான் சொல்றேன். மொத்தமாக் கட்ட முடியலன்னா அதே பேங்க்ல இஎம்ஐ-யா மாத்தக் கேளுங்க, வட்டி நல்லாவே குறையும். வீட்டுல நகை இருந்தா கூட்டுறவு பேங்க்ல வச்சு அடைக்கிறது அதைவிட மேல்.

இப்படிச் சுத்துற கடன், அதாவது சுழல் கடன்னாலே கெடுதின்னு நினைச்சுராதீங்க. மகளிர் குழுவுல அக்காமாருக்குக் கொடுக்கிற சுழல் நிதியும் இதே ஏற்பாடுதான். ஒருத்தர் கட்டினது அடுத்தவருக்குப் போகும். விவசாயிக்குக் கொடுக்கிற கிசான் கிரெடிட் கார்டை 2018-19 பட்ஜெட்ல மீனவர்களுக்கும் விரிச்சாங்க. அதுவும் எடுத்து, கட்டி, மறுபடி எடுக்கிற கணக்குதான். 2 லட்சம் வரைக்கும் வட்டி 7 சதவீதம், தவணை தவறாம கட்டினா 4. ஒரு லட்சத்துக்கு வருசம் 4,000 ரூபா. அதே லட்சத்தைக் கிரெடிட் கார்டுல சுத்த விட்டா 42,000, ஜிஎஸ்டி தனி. தேவிபட்டினம், மண்டபம் பக்கம் படகு வச்சிருக்கவங்க லைசென்ஸ், படகுப் பதிவு பேப்பரோட மீன்வளத்துறை ஆபீஸ்ல போய்க் கேளுங்க. தடைக்காலம் வந்த பிறகு ஓடாதீங்க, முன்னாடியே போங்க.

"மினிமம் கட்டினா பேரு கெடாதுல்ல?"ன்னு தம்பி கடைசியில கேட்டிருக்காரு. தவணை தவறினவர்னு பதிவாகாது, சரிதான். ஆனா லிமிட்ல முக்கால்வாசி எப்பவும் பாக்கியா நின்னா, கடன் கொடுக்கலாமான்னு பேங்க் பார்க்கிற மதிப்பெண், அதான் சிபில் ஸ்கோர், இறங்கும். மினிமம் மட்டும் கட்டினா கடன் அடைய மாசக்கணக்கா, வருசக்கணக்கா ஆகும்னு பில்லுலயே எச்சரிக்கை போடணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. பொடி எழுத்துல இருக்கும், தேடிப் பாருங்க. சரி, அடுத்து கீழக்கரையில இருந்து ஒரு அக்கா, நகைக்கடன் மறுஅடகு பத்திக் கேட்டிருக்காங்க.