கணினி எப்போது நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

"கம்ப்யூட்டர் திடீர்னு ஆஃப் ஆயிடுது, ஃபார்மேட் போட்டுடலாமா?" கணினி பழுது பார்க்கிறவர்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. ஃபார்மேட் போட்டால் விண்டோஸ் புதிதாகும், சரி. தூசி அடைத்த ஃபேன் புதிதாகுமா?

எதையும் கழற்றுவதற்கு முன், கணினி எப்போது நிற்கிறது என்று ஓரிரு நாள் கவனித்துக் குறித்து வையுங்கள். பிள்ளைகள் கேம் விளையாடும்போதா, சும்மா இருக்கும்போதா, கரண்ட் போய் வரும்போதா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கேமோ வீடியோ எடிட்டிங்கோ ஓடும்போது பட்டென்று அணைந்தால், முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். கணினியின் மூளையான பிராசஸர்களில் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓர் எல்லை உண்டு. அதை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால், கருகாமல் இருக்கக் கணினியையே அணைத்துவிடும். கணினியைப் போட்டதும் டெலிட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டினால், விண்டோஸ் தொடங்கும் முன்பே வருகிற அமைப்புத் திரையான பயாஸ் வரும். பெரும்பாலும் வெப்பநிலையை அங்கேயே பார்க்கலாம். அதே திரையில் அரை மணி நேரம் விட்டுவையுங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் பழி போட வழியில்லை, அது இன்னும் ஓடவே தொடங்கவில்லையே!

சுத்தம் செய்வது கடினமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்க மூடியைக் கழற்றி, பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்கில் படிந்த தூசியை பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பல வருடம் ஓடிய கணினி என்றால் பிராசஸர் மேல் இருக்கும், சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்துகிற பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தால் போதும்.

சூடு இல்லை என்றால் அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி. வேலைப்பளு ஏறும்போது 12 வோல்ட் கம்பியில் 11.4க்கும் கீழே இறங்கினால் அதை மாற்ற வேண்டியதுதான். அந்தப் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகிற நொடியில் கணினி அணைந்து மறுபடி தொடங்குகிறதா? மின்சாரம் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் தாங்குவது, முழுச் சுமையில் சுமார் 16 மில்லிவினாடிதான். இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தால் கணினி நின்றுவிடும். பல இன்வெர்ட்டர்களில் ஈகோ, யுபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். செலவே இல்லாமல் தீர்ந்தாலும் தீரும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. நமக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே!

அணையாமல் உறைந்து நிற்பது வேறு கதை. கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸுக்கு உயிர் இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் சிக்கிய மென்பொருளை மூடிவிடலாம். விளக்கு அசையவே இல்லையென்றால் கணினியின் தற்காலிக நினைவகமான ராமைச் சோதியுங்கள். அதற்கு விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. கடைகளில் ராமின் தங்க நிற முனையை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் அது வேலை செய்யும்.

கோப்பு திறக்கும்போதெல்லாம் உறைந்து, ஹார்ட் டிஸ்க்கில் டக் டக் என்று சத்தமும் வந்தால், டிஸ்க்கைச் சோதித்துச் சீராக்கும் செக் டிஸ்க், டிஃப்ராக் எதையும் ஓட்டாதீர்கள். சாகப்போகிற டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை. குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் அன்றைக்கே வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். மற்ற சோதனைகள் அதற்கு அப்புறம்.

நன்றி, வணக்கம்.