எல்லாரும் வந்தாலும் 'ஹேஸ்' தான்

(திரையில்: கொழும்புக் கோட்டை, ஓர் ஒபிஸ். மேசையில் போன்.)

மீட்டிங்குக்கு ஆட்கள் வந்தாச்சா என்று மேனேஜர் போனில் கேட்கிறார். "எவ்ரிவன் ஹேவ் கம், சேர்" என்று பதில் போகிறது. நன்றாக ஆங்கிலம் கதைப்பவர்கள் வாயிலும் வரும் பிழை இது. "எவ்ரிவன் ஹேஸ் கம்" என்பதுதான் சரி.

'எல்லாரும் வந்தார்கள்' என்று பன்மையில் முடித்தே நமக்குப் பழக்கம். ஆங்கிலமோ, எவ்ரிவன் என்றால் ஆட்களை ஒவ்வொருவராக எண்ணும். அதனால் வினை ஒருமை. எவ்ரிபடி, சம்வன், எனிபடி, நோபடி, சம்திங், நத்திங் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

(திரையில்: பம்பலப்பிட்டி, காலி வீதி பஸ் தரிப்பிடம்.)

"ஈச் ஒஃப் த பஸஸ் ஸ்டொப்ஸ் ஹியர்." நடுவில் பஸஸ் என்று பன்மை வந்ததும் கை தானாக 'ஸ்டொப்' என்று எழுதப் பார்க்கும். விடாதீர்கள். வினைக்கு உரிமைக்காரர் ஈச், பஸ் அல்ல.

அடுத்தது இன்னும் சுவாரசியம். 'ஒருத்தரும் வரவில்லை' என்பதை அப்படியே கொண்டுபோய் "நோபடி டிடின்ட் கம்" என்கிறோம். நோபடிக்குள்ளேயே இல்லை இருக்கிறது; இன்னொரு இல்லை சேர்ந்தால், 'வராதவர் ஒருவரும் இல்லை', அதாவது எல்லாரும் வந்துவிட்டார்கள்! சரி, 'யாரும் வரவில்லை' என்று நினைத்து "எனிபடி டிடின்ட் கம்" என்றால்? அதுவும் பிழை. மறுக்கும் வாக்கியத்தில், மறுப்பு முன்னால் வந்த பிறகுதான் எனிபடி வரலாம்: "ஐ டிடின்ட் சீ எனிபடி." வாக்கியத்தின் தொடக்கத்திலேயே மறுக்க வேண்டுமென்றால், "நோபடி கேம்." அவ்வளவுதான்.

போத், ஃபியூ, மெனி, செவரல் எப்போதும் பன்மை, அதில் தலையிடி இல்லை. சம், ஓல், மோஸ்ட் மட்டும் பின்னால் வரும் பெயரைப் பார்த்து மாறும்.

(திரையில்: இரவுச் சாப்பாட்டுக் கடை.)

"சம் ஒஃப் த ரைஸ் இஸ் லெஃப்ட்." "சம் ஒஃப் த ரொட்டீஸ் ஆர் லெஃப்ட்." சோற்றை எண்ண முடியாது, ரொட்டியை எண்ணலாம்.

கடைசியாக, டியூசன் வகுப்புகளில் அடிக்கடி எழும் சண்டை. "எவ்ரிவன் ஹேஸ் தெயார் டிக்கெட்" சரியா? ஹேஸ் ஒருமை, தெயார் பன்மை, பொருந்தவில்லையே என்பார்கள். ஆனால் தே, தெயார் இரண்டையும் ஒருவருக்காகப் பயன்படுத்துவது ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. 'ஹிஸ் ஓர் ஹேர்' என்று இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். தாராளமாக எழுதுங்கள், ஹேஸை மட்டும் ஹேவ் ஆக்காதீர்கள்.