இனிஷியல் எங்கே போகும்? பயணமும் அடையாள அட்டையும்

வணக்கம் நேயர்களே.

ஊருக்குக் கிளம்பும் நேரம். ஆட்டோ வாசலில் நிற்கிறது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஆதாரை எடுத்துக்கிட்டீங்களா?" எடுத்தாயிற்று என்றதும் எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதி முக்கால்வாசி நேரம் சரிதான். ரயிலுக்கு ஆதார் போதும். மதுரையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போகவும் போதும். ஆனால் நாற்பது வயதுக்காரர் ஒருவர் காட்மாண்டு விமானத்தில் ஏற அது உதவாது. கொழும்புக்கும் உதவாது. லட்சத்தீவு நம் நாட்டுக்குள்தான் இருக்கிறது. அங்கே போக ஆதாரோடு இன்னொரு தாளும் வேண்டும்.

ஏன் இப்படி? பயணத்தில் நம்மிடம் மூன்று வெவ்வேறு கேள்விகள் கேட்கிறார்கள். நீ யார்? நீ எந்த நாட்டுக் குடிமகன்? உள்ளே வர உனக்கு அனுமதி உண்டா? ஆதார் பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும். இந்த நாட்டில் வசிப்பவருக்குத் தருவது அது. முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இங்கே இருந்தவர் அதற்கு விண்ணப்பிக்கலாம், குடிமகனாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாக்காளர் பட்டியலில் குடிமக்கள் மட்டுமே இருக்க முடியும் என்பதால், வாக்காளர் அட்டை இரண்டாவது கேள்வியையும் தொடுகிறது. பாஸ்போர்ட் முதல் இரண்டுக்கும் முழுப் பதில். மூன்றாவதுக்கு விசா, அல்லது பெர்மிட். இந்த மூன்று கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டால், எந்த அட்டை எங்கே செல்லும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் ரயில். முன்பதிவில்லாப் பெட்டியில் அட்டை கேட்க மாட்டார்கள். முன்பதிவு என்றால், எந்த வகுப்பானாலும், 2012 டிசம்பர் 1 முதல் அசல் அடையாள அட்டை கட்டாயம். அசல், கவனியுங்கள். ஜெராக்ஸ் செல்லாது. வாட்ஸ்அப்பில் பையன் அனுப்பிய படமும் செல்லாது. வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், ஆதார், படம் ஒட்டிய அரசுடைமை வங்கிப் பாஸ்புக், பள்ளி கல்லூரி அடையாள அட்டை, வரிசை எண்ணோடு அரசு கொடுத்த புகைப்பட அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று. போனில் காட்டுவதாக இருந்தால் எம்-ஆதார் செயலி செல்லும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள ஆதாரும் லைசென்ஸும் செல்லும், ஒரு நிபந்தனையோடு: அவை 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' என்ற பகுதியில் இருக்க வேண்டும். நீங்களே படம் பிடித்து ஏற்றி வைத்தது வேறு பகுதியில் இருக்கும்; அதை ஏற்க மாட்டார்கள். போனில் சார்ஜ் இல்லை என்றால் அட்டையும் இல்லை, அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போகலாம். ஆறு பேரும் அட்டை காட்ட வேண்டியதில்லை, ஒருவர் காட்டினால் போதும். இந்தச் சலுகையில்தான் ஆபத்தும் இருக்கிறது. "அப்பாகிட்ட இருக்கும்" என்று ஐந்து பேரும் சும்மா கிளம்புகிறார்கள். அப்பாவுக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல், அவர் வரவில்லை. இப்போது டி.டி.ஆர். வந்து கேட்டால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும், ஐந்து பேருமே டிக்கெட் இல்லாதவர்கள். கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டும். ஆகவே குறைந்தது இரண்டு பேரிடம் அட்டை இருக்கட்டும்.

தட்கல் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூலை 1 முதல், ஐ.ஆர்.சி.டி.சி.யில் தட்கல் போட வேண்டுமானால், பதிவு செய்பவரின் கணக்கு ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதே மாதம் 15 முதல் ஓ.டி.பி.யும் சேர்ந்தது. பயணம் செய்யும் ஒவ்வொருவரின் ஆதாரும் வேண்டும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. கணக்கு யாருடையதோ அவருடையது போதும். ஆனால் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து இதைச் செய்யக் கூடாது, முந்தைய வாரமே முடித்து வையுங்கள்.

பெயர் ஒத்துப்போக வேண்டும் என்றேன். அங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கலே. கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன், ஏனென்றால் எந்த அட்டை என்பதில் மாட்டிக்கொள்பவர்களைவிட, அட்டையில் எந்தப் பெயர் என்பதில் மாட்டிக்கொள்பவர்கள் நம்மிடையே அதிகம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல். முருகேசன் மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் எம். செந்தில்குமார். ஆதாரில் செந்தில்குமார் எம். வாக்காளர் அட்டையில் வெறும் செந்தில்குமார். அப்பா பெயர் அடுத்த வரியில். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதியே ஆக வேண்டும், அதனால் அங்கே முருகேசன் செந்தில்குமார். பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் ஒரு வரி, முருகேசன் ஒரு வரி. ஐந்து அட்டை, ஒரே ஆள், ஐந்து பெயர். இதில் 'செந்தில்' ஒரு சொல், 'குமார்' ஒரு சொல் என்று எங்காவது இடைவெளி விட்டிருந்தால் ஆறாவது பெயரும் தயார். மனிதர் பார்த்தால் புரிந்துகொள்வார். கணினிக்கு இனிஷியலும் ஓர் எழுத்து, புள்ளியும் ஓர் எழுத்து.

சின்ன உதாரணம். இணையத்தில் இறக்கும் இ-ஆதாரைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில். பிறகு பிறந்த ஆண்டு. சுரேஷ் குமாருக்குச் சிக்கல் இல்லை. ஆதாரில் 'பி. குமார்' என்று இருப்பவருக்கு? பி ஓர் எழுத்து, புள்ளி ஓர் எழுத்து, இடைவெளி கணக்கில் இல்லை, அப்புறம் கே, யு. அதன்பின் 1990 என்று ஆண்டு. புள்ளியை விட்டுவிட்டால் திறக்காது. "கோப்பு கெட்டுப்போச்சு" என்று மறுபடி மறுபடி இறக்கிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, விமான டிக்கெட்டுக்கு வருவோம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயரில் எம் என்று ஒற்றை எழுத்துப் போட்டால் பல தளங்கள் ஏற்பதில்லை. அங்கேதான் கை தடுமாறும். சிலர் ஊர்ப் பெயரைப் போடுகிறார்கள், சிலர் மிஸ்டர் என்பதையே பெயராகப் போடுகிறார்கள். செய்ய வேண்டியது இதுதான்: அப்பா பெயரை முழுதாகக் கடைசிப் பெயர் கட்டத்தில் போடுங்கள். பிறகு, அப்பா பெயர் அச்சான ஓர் அட்டையை எடுத்துப் போங்கள். வாக்காளர் அட்டையில் இருக்கும், பான் கார்டிலும் இருக்கும். உள்நாட்டு விமானம் என்றால், வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டையும் அட்டையையும் முகத்தையும் பார்க்கிறார். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பெரும்பாலும் மல்லுக்கு நிற்பதில்லை. ஆனால் வீட்டில் கூப்பிடும் பெயரில் டிக்கெட் போட்டுவிட்டு, பாபு என்று டிக்கெட், அட்டையில் வேறு பெயர் என்று போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். திருமணமான பெண்களுக்கு இது இன்னும் அடிக்கடி நடக்கிறது. டிக்கெட் போடும் கணவர் தன் பெயரைக் கடைசியில் சேர்த்துவிடுவார். அட்டையிலோ அப்பாவின் இனிஷியல். டிக்கெட் போடுமுன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போடுங்கள். தவறிவிட்டால், விமான நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாக வாங்கிய டிக்கெட்டுக்கு, 24 மணி நேரத்துக்குள் சொன்னால் சிறிய எழுத்துப் பிழையைக் கட்டணமில்லாமல் திருத்தித் தர வேண்டும். அதாவது டிக்கெட் வந்த அன்றே வாசித்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாடு என்றால் விட்டுக்கொடுப்பே இல்லை. பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், கோணக் குறிகள் வரிசையாக நிற்கும் இரண்டு வரிகள் உண்டு. வரிக்கு 44 எழுத்து. இயந்திரம் படிப்பது அதைத்தான். அதில் முதலில் குடும்பப் பெயர், பிறகு இரண்டு கோணக் குறி, பிறகு நம் பெயர். அந்த வரியில் புள்ளிக்கு இடமே கிடையாது. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் நம்மில் ஏராளம். "நமக்குத்தான் குடும்பப் பெயர் இல்லையே" என்பது நியாயம்தான். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் என்ன செய்தது? ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசா, விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று சிலருக்குத் தளர்வு வந்தது. அமெரிக்க விசாவில், ஒற்றைப் பெயர்க்காரரின் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அம்மா அப்பா பார்த்துப் பார்த்து வைத்த பெயர் இருக்க, பெயர் தெரியாதவர் என்று ஒரு விசா!

ஆகவே குழந்தைக்குப் புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா அல்லது அம்மா பெயரை விரித்து எழுதிவிடுங்கள். பெரியவர்கள் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, சொந்த விவரங்களில் மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய். ஆனால் வரிசை முக்கியம். எந்த எழுத்துக்கூட்டல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் இருந்தால் அதையே அடிப்படையாக வையுங்கள், ஆதாரையும் பானையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை மாற்ற வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்ப்பு. ஒரு தடவை அப்பா இனிஷியலுக்கு, ஒரு தடவை கணவர் இனிஷியலுக்கு என்று செலவழித்துவிட்டால், பிறகு எழுத்துப் பிழையைத் திருத்துவதும் பெரும்பாடு.

பெயர்க் கதை நீண்டுவிட்டது, மற்றதை வேகமாகச் சொல்கிறேன்.

உள்நாட்டு விமானத்துக்கும் ரயில் பட்டியல் ஏறக்குறைய பொருந்தும். ஓய்வூதிய அட்டையும் மாற்றுத் திறனாளி அட்டையும் உண்டு. ரேஷன் கார்டை நம்பி விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். அட்டையோடு வரும் பெற்றோருடன் குழந்தை பறந்தால் குழந்தைக்குத் தனி அட்டை தேவையில்லை. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குரிய கட்டணத்தில் டிக்கெட் எடுத்திருந்தால், வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். டிஜி யாத்ராவில் முகத்தைக் காட்டிப் போகிறவர்களும் அட்டையைப் பையில் வைத்திருங்கள்.

பாஸ்போர்ட்டில் முடியும் தேதியை மட்டும் பார்க்காதீர்கள். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் போன்ற நாடுகள் ஆறு மாதமாவது மிச்சம் கேட்கின்றன. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்ற நினைப்பில் பிள்ளைகளுடையதை மறந்துவிடுகிறோம். அது ஐந்தே ஆண்டு, அல்லது 18 வயது வரை, எது முந்துகிறதோ அது. 2023 அக்டோபர் 1 அன்றோ பிறகோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்பார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கலாம். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்கப் போவதானால் வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனாலும் பாஸ்போர்ட்தான், பக்கத்துக் கரைதானே என்று நினைக்க வேண்டாம்.

நேபாளம், பூடான்: பாஸ்போர்ட், இல்லையென்றால் வாக்காளர் அட்டை. 15 வயதுக்குக் கீழேயும் 65 வயதுக்கு மேலேயும் உள்ளவர்களுக்கு மட்டும் ஆதார் செல்லும். இடைப்பட்ட வயதினர் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதீர்கள். பூடானுக்குப் பாஸ்போர்ட்டில் போவதானால் அங்கேயும் ஆறு மாதக் கணக்கு உண்டு.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர், இந்த நான்கு மாநிலங்களுக்கு நாமும் இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி வாங்க வேண்டும்; 1873ஆம் ஆண்டுச் சட்டம் அது. லட்சத்தீவுக்கும் நுழைவுப் பெர்மிட். வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார், பிறகு நம் தூதரகம். ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்று ஒன்று அங்கே தருவார்கள். அப்போது பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களின் நகல் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அந்த நகலைப் பாஸ்போர்ட் இருக்கும் பையிலேயே வைக்காதீர்கள், வேறு பையில் வையுங்கள்.

வணக்கம்.