ரயில் கடத்தலை நாடகமா எடுத்தா என்னங்க தப்பு?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எங்க அணித் தலைவருக்கு வணக்கம், எதிரணிக்கு கொஞ்சம் எக்ஸ்ட்ராவாவே வணக்கம், இன்னிக்கு அவங்களுக்கு அது தேவைப்படும்.

தலைப்பு என்ன, நிஜத்துல நடந்த ரயில் கடத்தலை டிவி நாடகமா எடுக்கறது ரணத்தை ஆத்துமா கிளறுமா. பேச எடுத்துக்கிட்டது நெதர்லாந்து. 1975-ல வைஸ்டர் ஊர் பக்கம் ஒரு ரயில், 1977-ல டெ புன்ட் பக்கம் இன்னொண்ணு, ரெண்டையும் கடத்தினது அங்கேயே வளர்ந்த மொலுக்கர் பசங்க, அதாவது இந்தோனேசியாவோட மொலுக்கா தீவுகள்ல இருந்து வந்த குடும்பத்துப் பசங்க. 2008-லயும் 2009-லயும் அந்த ஊர் பேருலயே ரெண்டு டிவி படம் வந்துச்சு. எதிரணி அண்ணன் இப்பதான் கேட்டாரு, அப்பனைச் சுட்டவனா ஒரு அழகான நடிகர் வந்து நிப்பாரு, அதை பெத்த புள்ள சோபால உக்காந்து பாக்கணுமான்னு. நானும் கைதட்டினேன்யா, நல்ல கேள்விதான். ஆனா அண்ணன் கதையை பாதியில இருந்து ஆரம்பிச்சிட்டாரு.

நான் 1951-ல ஆரம்பிக்கறேன். இந்தோனேசியா டச்சுக்காரன் கைய விட்டுப் போனதும், அவன் படையில சிப்பாயா இருந்த மொலுக்கர்களை குடும்பத்தோட கப்பல் ஏத்தினாங்க, மொத்தம் ஒரு 12,500 பேரு, கொஞ்ச நாள்ல ஊர் திரும்பிடலாம்ங்கற நம்பிக்கையில வந்தவங்க. வந்து இறங்கினா படையில வேலையே இல்ல. தங்க வெச்ச முகாம்ல ஒண்ணு வெஸ்டர்போர்க், ஆமாங்க, நாஜிங்க யூதர்களை அடைச்சு வெச்சு ரயில் ஏத்தி சாவுக்கு அனுப்பின அதே வெஸ்டர்போர்க். 1950-ல மொலுக்காவுல இருக்கற அம்போன் தீவுல, மொலுக்கருக்குன்னு அறிவிச்ச தனிக் குடியரசுக்கு டச்சு அரசு கை கொடுக்கும் கொடுக்கும்னு அப்பன் காத்துக்கிட்டே கெழவனானான், புள்ள துப்பாக்கியத் தூக்கிட்டான். தூக்கினது நியாயமா? கிடையாது, இந்த மேடையில அதை யாரும் நியாயம்னு சொல்லல. ஆனா அன்னிக்கு நியூஸ்ல வந்தது என்ன, பசும்புல்லு நடுவுல ஒரு மஞ்சள் ரயிலு, ஜன்னல் பூரா நியூஸ்பேப்பர் ஒட்டியிருக்கு. அந்த பேப்பருக்குப் பின்னாடி இருந்தவங்க யாரு, அவங்களுக்கும் பின்னாடி இருந்த கப்பல் எதுன்னு கேமராவுக்குத் தெரியல, அதைக் காட்ட நாடகத்தால மட்டும்தான் முடியும்.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், கொஞ்சம் கவனிங்க. வைஸ்டர் ரயில்ல கெர் ஃபாடர்ஸ்னு ஒரு பத்திரிகை ஆசிரியர் மாட்டிக்கிட்டாரு. அடுத்து சுட வேண்டியது இவரைத்தான்னு முடிவாகிருச்சு. வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பணும்னு கேட்டாரு, சரின்னாங்க. அவரு பக்கத்துல இருந்தவர்கிட்ட தன் குடும்பக் கதையைச் சொல்றாரு, கல்யாணத்துல வந்த கஷ்டம், எடுத்து வளர்த்த புள்ள, எல்லாத்தையும். துப்பாக்கி வெச்சிருந்த பசங்க அதைக் கேட்டுக்கிட்டே நிக்கறாங்க. கேட்ட பிறகு அவங்களால அவரைச் சுட முடியல. முடியலன்னதும் என்ன பண்ணினாங்க தெரியுமா, வேற ஒருத்தரை இழுத்துட்டுப் போய் சுட்டாங்க. அந்த மனுஷனுக்கு கதை சொல்ல ஒரு நிமிஷம்கூட கிடைக்கல. அந்த ரயில்ல செத்த மூணாவது ஆளு அவரு.

எதிரணி தங்கச்சி சிரிக்குது, "பாத்தீங்களா, கதை ஒருத்தரைக் காப்பாத்துச்சு, இன்னொருத்தரைக் கொன்னுச்சு"ன்னு அடுத்து வந்து சொல்லும். சொல்லட்டும்மா. அதனாலதான் கேக்கறேன், அந்த மூணாவது ஆளோட கதையை எப்பதான் சொல்றது? வருஷத்துக்கு ஒரு தடவை மாலை போட்டா போதுமா? ரெண்டு படமும் எவ்வளவு சரியா காட்டுச்சுங்கறது வேற சண்டை, சரியில்லைன்னா மூணாவது படம் எடு, அதுக்காக எடுக்கவே கூடாதுன்னா எப்படி.

டெ புன்ட் இன்னும் சிக்கல். 20 நாள் ரயில் வயக்காட்டுல நின்னுச்சு. ரயிலைக் கடத்தின அதே நாள்ல போவன்ஸ்மில்டாங்கற ஊர் ஸ்கூல்ல 105 குழந்தைங்களையும் டீச்சருங்களையும் புடிச்சு வெச்சாங்க, குழந்தைங்களுக்கு வயித்துக்கு முடியாம போனதும் அவங்களை மட்டும் விட்டுட்டாங்க. அந்த ஊர்லயே மொலுக்கர் குடியிருப்பும் இருக்கு, யோசிச்சுப் பாருங்க, மறுநாள் கடைத்தெருவுல ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் எப்படி முழிப்பாங்கன்னு. 1977 ஜூன் 11 விடியக்காலம் ஸ்டார்ஃபைட்டர் ஜெட்டுங்க ரயிலை உரசற மாதிரி பறந்து அலற வைக்க, மரைன் வீரருங்க பாய்ஞ்சாங்க, ஆயிரக்கணக்குல குண்டு. கடத்தினவங்கள்ல 6 பேரும் பயணிங்கள்ல 2 பேரும் செத்தாங்க. சரணடைய விடாம சுட்டுட்டீங்கன்னு கடத்தினவங்கள்ல ரெண்டு பேரோட குடும்பம் கேஸ் போட்டுச்சு, 2018-ல நெதர்லாந்தோட ஹேக் நகர கோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு. கோர்ட்டோட வேலை அந்த விடியக்காலம் சுட்டது சட்டப்படி சரியான்னு பாக்கறது, 1951-ல கப்பல் ஏத்தினது சரியான்னு பாக்கறது அதோட வேலை இல்ல. அப்ப அதை எங்க போய் பேசறது? கமிஷன் அறிக்கையை எத்தனை பேரு படிப்பாங்க, நம்ம ஊர்லயே படிக்க மாட்டோம்.

ஹீரோ ஆக்கிருவாங்கங்கற பயம் எனக்கும் இருக்கு, பாட்டு வெச்சு ஸ்லோமோஷன்ல நடக்க விட்டா நானே டிவிய ஆஃப் பண்ணிருவேன். ஆனா அண்ணன் கேக்கறது தடை. போவன்ஸ்மில்டாவுல அந்த கிளாஸ்ல உக்காந்திருந்த பசங்களுக்கு இப்ப அம்பது வயசுக்கு மேல, பக்கத்துத் தெரு மொலுக்கர் பசங்களுக்கும் அதே வயசுதான். இந்த ரெண்டு வீட்லயும் ஒரே ராத்திரி ஒரே படம் ஓடக்கூடாதுங்கறதுக்கு என்ன காரணம்னு தங்கச்சி வந்து சொல்லட்டும், மணி அடிச்சிட்டாங்க, நான் உக்காந்துக்கறேன், நன்றி!