பழைய வண்டிக்குக் குரோம்: பிளேட்டிங் பட்டறையில் எதைப் பார்க்க வேண்டும்?

(காட்சி: மேசையில் இரண்டு கதவுக் கைப்பிடிகள். மேலே ஒரு டியூப் லைட்.)

ஒரே காரின் இடது, வலது கதவுக் கைப்பிடிகள் இவை. இரண்டுக்கும் புதிதாகக் குரோம் போட்டிருக்கிறது, இரண்டும் பளபளக்கின்றன. இப்போது மெதுவாகச் சாய்க்கிறேன். டியூப் லைட்டின் வெளிச்சக் கோட்டை மட்டும் கவனியுங்கள். இடது கைப்பிடியில் அந்தக் கோடு நேராக ஓடுகிறது. வலது கைப்பிடியில் குளத்தில் விழுந்த நிழல் மாதிரி நெளிகிறது. விளிம்பும் மழுங்கிப்போயிருக்கிறது.

இதைக் குரோம் சரியில்லை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இரண்டிலும் இருக்கும் குரோம் ஒரே மாதிரிதான். கோளாறு, கைப்பிடி குரோம் தொட்டிக்குள் போவதற்கு முன்னால் நடந்த வேலையில் இருக்கிறது. பட்டறை தேடுகிறவர்கள் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

(காட்சி: படலங்களைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம்.)

குரோம் என்று நாம் சொல்வது தனியாக ஒரு பூச்சு இல்லை. அடியில் இரும்பு. அதன் மேல் காப்பர், அதன் மேல் நிக்கல், கடைசியில்தான் குரோமியம். அந்தக் கடைசிப் படலம் எவ்வளவு தடிமன் தெரியுமா? கால் மைக்ரான் அளவுதான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெயில், மழையில் நிற்கும் பாகத்துக்கு நிக்கல் மட்டும் 20, 30 மைக்ரான், அதற்கு மேலும்கூட வேண்டும். அந்த ஆழமான மினுமினுப்பு நிக்கலிலிருந்து வருகிறது. நிக்கலை அப்படியே விட்டால் லேசாக மஞ்சள் தட்டி, நாளாக ஆக மங்கும். மங்காமல் காப்பதும், மெல்லிய நீலச் சாயலைத் தருவதும், கீறல் விழாமல் தாங்குவதும்தான் குரோமின் வேலை.

இவ்வளவு மெல்லிய படலம் எதையும் மறைக்காது. உப்புத்தாள் கீறல் இருந்தால் கீறல் தெரியும், துரு அரித்த குழி இருந்தால் குழி தெரியும். குழியை நிரப்புவது காப்பர். பழைய பாகத்துக்குக் காப்பரைத் தடிமனாக ஏற்றி, தேய்த்துச் சமப்படுத்தி, குழி இன்னும் தெரிந்தால் மறுபடி ஏற்றித் தேய்ப்பார்கள். சில பாகங்களுக்கு இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். செலவும் நாட்களும் போவது இங்கேதான்.

அதனால் பட்டறைக்குள் போனதும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பாலிஷ் பிடிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பாலிஷ் வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறார்கள் என்றால் அது யார் என்று விசாரியுங்கள். புதுப் பொருட்களுக்கு ஆயிரக்கணக்கில் முலாம் போடும் இடம் தன் வேலையில் கெட்டிக்கார இடமாகவே இருக்கலாம். ஆனால் அங்கே வருவதெல்லாம் குழியில்லாத புது உலோகம். எழுபது வருடத் துருவோடு வரும் பம்பருக்கு வேறு மாதிரிப் பொறுமை வேண்டும்.

பாலிஷ் கையைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பழைய பெட்ரோல் டேங்க் மூடியை ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். அதன் மேல் வட்டமாகப் புடைப்பு எழுத்துகள் இருந்தன. திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது, எழுத்துகளில் பாதியைக் காணவில்லை. சக்கரத்தில் அழுத்திப் பிடித்துக் கரைத்துவிட்டார்கள். அந்த மூடி இனி எங்கேயும் கிடைக்காது. முலாம் சரியில்லை என்றால் உரித்துவிட்டுத் திரும்பப் போடலாம். தேய்ந்துபோன உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

(காட்சி: ஒரு பம்பர். அதன் முன்னால் செய்தித்தாளைப் பிடிக்கும் கை.)

சரி, அவர்கள் முடித்து வைத்திருக்கும் பொருள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பழைய பாகமாக இருக்கட்டும், புதியது வேண்டாம். அதற்கு முன்னால் செய்தித்தாளைப் பிடித்து, பிம்பத்தில் எழுத்தைப் பாருங்கள். தாளைப் பின்னால் நகர்த்த நகர்த்த எழுத்து கலங்காமல் இருந்தால் அடிவேலை நன்றாக நடந்திருக்கிறது. விளிம்புகளைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கிய திட்டு இருந்தால், முலாம் ஏறத் தொட்டியில் பாய்ச்சும் மின்சாரம் அதிகமாகி அந்த இடம் கருகியிருக்கிறது. உள்வளைவுகளைப் பாருங்கள். குரோம் பள்ளத்துக்குள் எளிதில் ஏறாது. அங்கே மஞ்சள் சாயல் தெரிந்தால் நிக்கலோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் போல்ட் துளைகள். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால், அந்தப் பாலிஷ் கையிடம் உங்கள் பொருளைக் கொடுக்காதீர்கள்.

கேள்விகளும் கேளுங்கள். காப்பர் போடுவீர்களா? நிக்கல் எத்தனை மைக்ரான்? ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா? இரண்டு அடுக்கு என்றால் கீழே கந்தகம் இல்லாத நிக்கல், மேலே பளபளப்பு நிக்கல். அரிப்பு மேல் அடுக்கைத் துளைத்தாலும் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவும். அதனால் துரு தள்ளிப்போகிறது. இதை விளக்கிச் சொல்லும் பட்டறைக்காரர் தன் வேலையைப் புரிந்து செய்பவர். எல்லாவற்றுக்கும் “போட்டுடலாம் சார்” என்று மட்டும் சொல்பவரிடம் நான் அவசரப்பட மாட்டேன்.

உங்கள் பாகம் எந்த உலோகம் என்று தெரிந்துகொண்டு போவது முக்கியம். காந்தம் கெட்டியாக ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பின்புறம் மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை, முலாம் போட அருமையான உலோகம். சாம்பல் நிறமாகவும் கனமாகவும் இருந்தால் துத்தநாக வார்ப்பாக இருக்கும். பழைய கார்களின் சின்னங்கள், கைப்பிடிகள், விளக்கு வளையங்கள் பலவும் இதில் செய்தவை. கொப்புளம் கொப்புளமாக வெடித்திருக்குமே, அந்த ரகம். மேலே குண்டூசித் தலை அளவு தெரியும் குழி உள்ளே இன்னும் அகலமாக அரித்திருக்கும். ஒவ்வொரு குழியையும் நல்ல உலோகம் தெரியும்வரை தோண்டி, காப்பர் போட்டு, ஈயப் பற்று வைத்து நிரப்பி, தேய்த்து, மறுபடி காப்பர் போட வேண்டும். ஆசிட் துத்தநாகத்தைத் தின்றுவிடும் என்பதால், இரும்புப் பாகத்தை உரிக்கிற மாதிரி இதை உரிக்கவும் முடியாது. துத்தநாக வார்ப்பில் அனுபவம் இல்லாத பட்டறை, பம்பரை எவ்வளவு அழகாகச் செய்தாலும் சின்னத்தை அங்கே கொடுக்காதீர்கள். இரண்டு பட்டறைக்குப் பிரித்துக் கொடுப்பதில் தவறே இல்லை.

குரோமே போடக் கூடாத இடங்களும் உண்டு. குரோம் முலாம் தொழிலாக வளர்ந்தது 1920களின் நடுவில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் மின்னியது நிக்கல். அந்த வண்டிக்கு நீலச் சாயல் குரோம் போட்டால் பார்த்தவுடனே ஒட்டாமல் தெரியும். ஹெட்லைட்டின் உள் கிண்ணமும் அப்படித்தான். குரோம் தன் மேல் விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வெள்ளி 90 சதவீதத்துக்கு மேல் அனுப்பும். கிண்ணத்துக்கு வெள்ளி முலாமோ அலுமினியப் பூச்சோ போடுங்கள். மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் குழாய்க்கு வேண்டியது ஹார்டு குரோம். அதைத் தடிமனாக ஏற்றி, அளவுக்குச் சாணை பிடித்துக் கொடுப்பார்கள். அழகுக்குக் குரோம் போடும் இடத்தில் அந்த வேலை நடக்காது.

ஸ்பிரிங் மாதிரி கடினப்படுத்திய எஃகுப் பாகம் இருந்தால் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஆசிட்டிலும் முலாம் தொட்டியிலும் இருக்கும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். பிறகு ஒருநாள் பாரம் தாங்கும்போது திடீரென்று முறியும். முலாம் போட்ட சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்னொன்றும் உயிர் சம்பந்தப்பட்டதுதான். பழைய முறைக் குரோம் தொட்டியில் இருப்பது ஹெக்ஸா குரோம் என்ற குரோமிய வகை, புற்றுநோய் தரக்கூடியது. கழிவைச் சுத்திகரிக்காமல் சாக்கடையில் விடும் இடத்தில், தொழிலாளி கையுறையில்லாமல் நிற்கும் இடத்தில், வேலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். இப்போது ட்ரை குரோம் என்ற வேறு வகைக் குரோமியத் தொட்டியும் இருக்கிறது. அதில் ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் நிறம் கொஞ்சம் மாறும். அதனால் அருகருகே மாட்டும் பாகங்களை ஒரே இடத்தில், ஒரே தடவையில் கொடுங்கள்.

(காட்சி: தரையில் விரித்த துணி. அதில் வரிசையாகப் பாகங்கள், கம்பியில் கட்டிய அட்டைகள்.)

கொடுப்பதற்கு முன் ரப்பர், பேரிங், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒடுக்கு, விரிசல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பட்டி வைத்து அடைக்காதீர்கள், அதில் மின்சாரம் பாயாது, முலாம் பிடிக்காது. மரை உள்ள இடங்களை மூடிவிட்டு முலாம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, எண்ணி, பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சின்னப் பாகங்கள் தொட்டிக்குள் விழுந்து காணாமல் போவது நடக்கிற விஷயம். நாட்களையும் தாராளமாகக் கொடுங்கள். அவசரப்படுத்தினால் முதலில் குறைவது காப்பர் வேலைதான்.

முதல் தடவை எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம். போனால் மனம் தாங்கக்கூடிய ஒரு சின்னப் பாகம், ஆனால் குழியும் விளிம்பும் உள்ளதாக ஒன்று. அது வந்ததும் டியூப் லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். பழைய படத்தோடு விளிம்பை ஒப்பிடுங்கள். போல்ட் கையாலேயே ஏறுகிறதா என்று பாருங்கள். குழாயாக இருந்தால் ஒரு மாதம் வையுங்கள். உள்ளே தங்கிய ஆசிட், துளை வழியாகப் பழுப்பாகக் கசிகிறதா என்று தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பம்பரைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம்.